வெளிநாட்டில் டிப்ஸ்: யாருக்கு, எங்கே, எவ்வளவு?

தூரதேசி

வணக்கம் நண்பர்களே. அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு நீண்ட பயணம் கிளம்புகிறேன். முதலில் அமெரிக்காவில் டெக்சாஸும் கலிஃபோர்னியாவும், அடுத்து ஜெர்மனி, பாரிஸ், கடைசியாக ஜப்பான். டிக்கெட், விசா, அறை எல்லாம் முடிந்தது. இன்னும் இழுத்துக்கொண்டிருப்பது டிப்ஸ் விஷயம்தான். ஒரு இடத்தில் 15 சதவீதம் போதும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 25 கொடுக்காவிட்டால் மரியாதை இல்லை என்கிறார்கள். ஜப்பானில் கொடுக்கவே கூடாதாம்.

அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நல்லா கவனிச்சா கொடுப்போம், இல்லேன்னா விட்டுடுவோம்." எனக்கு அது போதாது என்று படுகிறது. ஒருவர் வயிற்றில் அடித்துவிட்டு வரக்கூடாது, கேட்கிற இடத்தில் எல்லாம் கொட்டிக் கொடுக்கவும் முடியாது. அந்த நாடுகளில் இருப்பவர்கள், முக்கியமாக அந்த வேலையைச் செய்தவர்கள், சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

சதவீதத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், பரிமாறுகிறவருக்கு அங்கே சம்பளம் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக விளங்கிவிடும்.

அமெரிக்கக் கூட்டாட்சி சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அதே தொகை. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலைகளுக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான். அது 1991-லிருந்து நகரவே இல்லை. மீதி டிப்ஸில் வந்துவிடும் என்று சட்டமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. வராமல் போனால் குறைகிற தொகையை முதலாளி ஈடுகட்ட வேண்டும்.

நீங்கள் போகும் டெக்சாஸ் இந்த 2.13 டாலர் மாநிலம். கலிஃபோர்னியா அப்படி இல்லை. அங்கேயும் வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா மாநிலங்களிலும் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது, மாநிலத்தின் முழுக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் அங்கேயும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் 18, 20 சதவீதம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். சட்டம் மாறியும் பழக்கம் மாறவில்லை.

அப்பா சொல்வதுபோல் நல்ல கவனிப்புக்குத் தரும் பரிசாக டெக்சாஸில் டிப்ஸைப் பார்க்க முடியாது. அந்த ஆளின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான்.

மாலைவெயில்

படிக்கும் காலத்தில் டெக்சாஸில் ஒரு உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தேன். கணக்குப்பிள்ளை சார் சொன்னது சரி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

நீங்கள் வைக்கிற டிப்ஸ் முழுக்கப் பரிமாறுகிறவர் பைக்குள் போவதில்லை. மேசை துடைப்பவர், பார் ஆள், வாசலில் வரவேற்று உட்காரவைப்பவர் என்று ஷிஃப்ட் முடியும்போது பங்கு பிரியும். பல இடங்களில் அந்தப் பங்கைக் கணக்கிடுவது கிடைத்த டிப்ஸை வைத்து அல்ல, அன்றைக்கு நாம் பரிமாறிய மொத்த விற்பனையை வைத்து. நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான். ஒரு பெரிய மேசை ஒன்றுமே வைக்காமல் போனாலும் அந்த மேசைக்கான பங்கை நான் கொடுத்தே ஆகவேண்டும். அதாவது அவர்கள் சாப்பிட்டதற்கு என் காசு போகும். வெளிநாட்டுக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் சில சர்வர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அது தப்புதான். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், பில் வந்தால் முதலில் முழுசாகப் படியுங்கள். ஆறு பேர், எட்டு பேர் என்று போனால் பல இடங்களில் 18 அல்லது 20 சதவீதம் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். கிராஜுவிட்டி அல்லது சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்க்காமல் மேலே இன்னொரு 20 வைத்தால் யாரும் ஓடிவந்து சொல்லமாட்டார்கள்.

கார்டில் கட்டும்போது பெரும்பாலும் கார்டை உள்ளே எடுத்துப் போய்த் தேய்த்துவிட்டு இரண்டு சீட்டோடு வருவார்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று கடைக்கு. கடைச் சீட்டில் டிப்ஸுக்கு ஒரு கோடு, மொத்தத்துக்கு ஒரு கோடு இருக்கும். இரண்டையும் நீங்களே நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, அந்தச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு வரவேண்டும். டிப்ஸைக் காசாகக் கொடுத்தால் அந்தக் கோட்டை வெறுமனே விடாமல் 'கேஷ்' என்று எழுதி, மொத்தத்தையும் எழுதிவிடுங்கள். உங்கள் வங்கிச் செய்தியில் முதலில் டிப்ஸ் இல்லாத தொகை வரும், ஓரிரு நாளில் டிப்ஸோடு சேர்த்த தொகையாக மாறும். பார்த்துப் பதற வேண்டாம்.

கணக்கிடும்போது வரிக்கு முந்தைய தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 18 முதல் 20 சதவீதம் வைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

தூரதேசி

ரொம்ப நன்றி மாலைவெயில். காபிக் கடை கவுன்டரில்கூட ஒரு டேப்லெட்டைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுகிறார்களாமே? அங்கேயும் கொடுக்க வேண்டுமா?

மாலைவெயில்

அது வேறு கணக்கு. நீங்களே நின்று வாங்கி, நீங்களே எடுத்துப் போய்க் குடிக்கும் இடத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. டிப்ஸ் வேண்டாம் என்பதற்கும் அந்தத் திரையில் ஒரு பட்டன் இருக்கும், சில சமயம் சின்னதாகக் கீழே ஒதுங்கி இருக்கும். தயங்காமல் அமுக்குங்கள். பின்னால் வரிசை நிற்கிறது, கவுன்டர் ஆள் முகத்தைப் பார்க்கிறார் என்பதற்காகக் கொடுக்க வேண்டாம். அங்கே மிச்சமாகிற காசை உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் கொடுங்கள், அது உண்மையில் தேவைப்படும் இடம்.

வெண்பனி

நான் இருப்பது ஜெர்மனியில். இங்கே பரிமாறுகிறவர்களுக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு (2025-ல் மணிக்கு 12.82 யூரோ). ஆகவே டிப்ஸ் கூலிக்குப் பதில் அல்ல, மேலே ஒரு நன்றி. 5 முதல் 10 சதவீதம் போதும். பெரும்பாலானவர்கள் தொகையை முழுசாக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

கொடுக்கும் விதத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். இங்கே காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகும் வழக்கம் கிடையாது. சர்வர் இடுப்பில் ஒரு தடித்த பர்ஸோடு வந்து நின்று, "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்டுத் தொகையைச் சொல்வார். 27.60 என்றால், நோட்டை நீட்டும்போதே "முப்பது" என்று சொல்லுங்கள். அவர் முப்பதுக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். சரியாக முப்பதையே நீட்டினால் "ஷ்டிம்ட் ஸோ" என்றால் போதும், பாக்கி வேண்டாம் என்று அர்த்தம். ஒன்று முக்கியம்: ஐம்பது யூரோ நோட்டை நீட்டிக்கொண்டே "டாங்கே" என்று சொல்லாதீர்கள். நன்றி என்றுதான் சொல்கிறீர்கள், ஆனால் மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கார்டு என்றாலும் அப்படித்தான், மிஷினில் தொகை ஏற்றும் முன்பே டிப்ஸ் சேர்த்த தொகையைச் சொல்லிவிட வேண்டும்.

பிரான்ஸில் இன்னும் சுலபம். மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே சேவைக்கான தொகை அடக்கம், சட்டப்படி. சாப்பாடு பிடித்திருந்தால் ஓரிரு யூரோ நாணயத்தைத் தட்டில் விட்டு வருவார்கள், விடாவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் பாரிஸில் சுற்றுலாக் கூட்டம் வரும் இடங்களில் கார்டு மிஷினே சதவீதம் கேட்க ஆரம்பித்துவிட்டது. வெளிநாட்டு முகத்தைப் பார்த்து, சேவைத் தொகை சேரவில்லை என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நம்பாதீர்கள்.

நேர்வழி

மன்னிக்கவும், நான் மாற்றுக் கருத்துள்ளவன். இந்த வழக்கமே தப்பு என்று நினைக்கிறேன். முதலாளி கொடுக்க வேண்டிய கூலியை நான் ஏன் கொடுக்க வேண்டும்? நாம் எல்லாரும் கொடுத்துக்கொண்டே இருக்கும்வரை அந்த 2.13 டாலர் மாறவே மாறாது. கொடுப்பதை நிறுத்தினால்தான் முதலாளிக்கு உறைக்கும். நான் அமெரிக்கா போகும்போதெல்லாம் மிகக் குறைவாகத்தான் கொடுக்கிறேன், கொள்கையாகவே.

மாலைவெயில்

நேர்வழி, உங்கள் கோபம் நியாயம், அது போய்ச் சேரும் இடம்தான் தப்பு. நீங்கள் சாப்பிட்ட தட்டுக்கான விலை முதலாளிக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவருக்கு அன்று ஒரு பைசா குறையவில்லை. குறைந்தது அந்த மேசைக்குப் பங்கு கட்டிய பெண்ணுக்கு. அவள் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. உங்கள் கொள்கைக்கான விலையை அங்கே இருப்பவர்களில் மிகக் குறைவாகச் சம்பாதிக்கிறவள் கட்டுகிறாள்.

எதிர்ப்புக் காட்டத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. டிப்ஸ் இல்லாமல் விலையில் எல்லாம் சேர்த்து விற்கும் உணவகத்துக்குப் போங்கள். நீங்களே எடுத்து வந்து சாப்பிடும் இடத்துக்குப் போங்கள். மேசையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒருவரை நடக்கவைத்துவிட்டு, எழும்போது கொள்கை பேசுவது மட்டும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

நேர்வழி எழுப்பிய கேள்வி நூறு வருடங்களுக்கு மேல் பழையது. அமெரிக்காவில் டிப்ஸை எதிர்த்துச் சட்டமே வந்தது. வாஷிங்டன் மாநிலம் 1909-ல் தடை போட்டது, வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. 1926-க்குள் அத்தனையும் ரத்தாகிவிட்டன.

அதற்கும் முன்னால், 1865-ல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, ரயில்களில் படுக்கை வசதிப் பெட்டி ஓட்டிய புல்மன் நிறுவனம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைப் போர்ட்டர்களாக வைத்தது. அற்பச் சம்பளம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டது. பயணியின் மனசைப் பார்த்துத்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலை. அவர்கள் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925-ல் சங்கம் அமைத்து, 1937-ல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் வரை போராடினார்கள். ஆனால் டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளும் உரிமை 1966-ல் சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

உணவகங்களே நிறுத்திப் பார்த்ததும் உண்டு. நியூயார்க்கில் டேனி மேயர் 2015-ல் தன் உணவகங்களில் டிப்ஸை எடுத்துவிட்டு விலையில் சேர்த்தார். 2020-ல் அவரே திரும்பக் கொண்டுவந்தார். ஒரு கடை மட்டும் விலையை ஏற்றினால் பக்கத்துக் கடை மலிவாகத் தெரிகிறது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக மாறினால்தான் இது தீரும், பயணியின் கையில் அது இல்லை.

மலைப்பாதை

எல்லாரும் உணவகம் பற்றியே பேசுகிறீர்கள். டிப்ஸ் உண்மையில் ஒருவர் வாழ்க்கையை மாற்றும் இடம் மலையேற்றம். ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்குப் போக நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அங்கே ஒரு பயணிக்கு கைடு, உதவி கைடு, சமையல்காரர், பல போர்ட்டர்கள் என்று ஒரு குழுவே வரும். நீங்கள் தண்ணீரும் மழைக்கோட்டும் சுமந்துகொண்டு மூச்சு வாங்கி ஏறும்போது, கூடாரம், அடுப்பு, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு உங்களைத் தாண்டிப் போய், நீங்கள் வந்து சேரும் முன் கூடாரம் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு போர்ட்டருக்கு 20 கிலோதான் வரம்பு, பூங்கா வாசலில் எடை போடுவார்கள். காலில் சரியான ஷூகூட இல்லாமல் ஏறுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பிரச்சினை, கொடுக்கிற தொகை அவர்கள் கைக்குப் போகிறதா என்பது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அதேதான். மொத்தமாக ஒரு கவரில் போட்டுத் தலைமை கைடிடம் கொடுத்துவிட்டு வந்தால், கடைசிப் போர்ட்டருக்கு என்ன போனது என்று தெரியவே தெரியாது. அதனால் ஏறும் முதல் நாளே எத்தனை போர்ட்டர்கள், யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நாள் எல்லாரும் கூடி நிற்கும்போது, இவருக்கு இவ்வளவு என்று சத்தமாகப் படித்து, முடிந்தால் ஒவ்வொருவர் கையிலும் நேராகக் கொடுங்கள். கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கூலி, உணவு, டிப்ஸ் பங்கீடு எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணித்து, அதற்கு உட்பட்ட நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. பதிவு செய்யும்போதே அந்தப் பட்டியலைப் பாருங்கள், விலை மலிவு என்று மட்டும் போகாதீர்கள்.

டாலர் கொண்டுபோனால் புது நோட்டாகப் பாருங்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல், பழைய வருட நோட்டு என்றால் அங்கே மாற்றமுடியாது. நீங்கள் மனசாரக் கொடுத்தது அவர் கையில் வெறும் காகிதமாக நிற்கும். நாணயமும் அப்படியே. எந்த நாட்டிலும் வேற்று நாட்டு நாணயத்தை டிப்ஸாகக் கொடுக்காதீர்கள், பணம் மாற்றுமிடத்தில் நாணயத்தை வாங்கமாட்டார்கள்.

தூரதேசி

மலைப்பாதை அண்ணா, மலை எங்கள் திட்டத்தில் இல்லை, ஆனாலும் இதைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன். ஜப்பான் பற்றி யாராவது?

மழைநாள்

ஜப்பானில் கொடுக்காதீர்கள். மேசையில் காசு விட்டு வந்தால், மறந்து வைத்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெரு முனைவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். அவர்களைச் சங்கடப்படுத்தியதாக ஆகும். பெரும்பாலான உணவகங்களில் பணம் கட்டுவது வாசலருகே உள்ள கவுன்டரில். ஒரு சின்னத் தட்டு இருக்கும், காசைக் கையில் கொடுக்காமல் அதில் வையுங்கள். எண்ணிப் பார்த்து மீதியைக் கடைசி யென்வரை தருவார்கள். கிளம்பும்போது "கோச்சிசோசமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு வாருங்கள், சமையல்கட்டிலிருந்துகூடப் பதில் குரல் வரும்.

இசகாயா மாதிரி மதுக்கூடங்களில் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும், பில்லில் ஆளுக்குச் சில நூறு யென் ஏறும். ஏமாற்று இல்லை, உட்காருவதற்கான கட்டணம் மாதிரி. பெரிய ஓட்டல்களில் 10 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும்.

ஒரே விதிவிலக்கு ரியோகான் என்கிற பாரம்பரிய விடுதி. அறைக்கே வந்து சாப்பாடு பரிமாறி, படுக்கை விரித்துத் தரும் பெண்ணுக்குச் சிலர் ஆயிரம், இரண்டாயிரம் யென் கொடுப்பார்கள். எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. ஆனால் வயதான பெற்றோருக்காகத் தனியாக ஏதாவது உதவி கேட்கப்போகிறீர்கள் என்றால் கொடுக்கலாம். கசங்காத நோட்டாக, ஒரு கவரில் போட்டு, அறையைக் காட்ட வரும்போதே கொடுத்துவிட வேண்டும். வெறும் நோட்டை நீட்டக்கூடாது.

கணக்குப்பிள்ளை

வழியில் சிங்கப்பூரில் இறங்கினால்: மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், அதற்குமேல் 9 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். அதற்குப் பிறகு டிப்ஸ் தேவையில்லை.

லண்டன் என்றால் பில்லில் பெரும்பாலும் 12.5 சதவீதம் போட்டிருப்பார்கள். அது விருப்பத் தொகைதான், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் அந்தத் தொகையில் முதலாளி எதையும் பிடித்துக்கொள்ளக்கூடாது, முழுக்க ஊழியர்களுக்கே போகவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் எடுக்கச் சொல்லும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

எந்த நாட்டிலும் கார்டு மிஷின் "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் உங்களுக்கு நஷ்டம். டிப்ஸில் இரண்டு சதவீதம் மிச்சப்படுத்திவிட்டு அதைவிட அதிகமாக இங்கே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

தூரதேசி

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் மாலைவெயில் எழுதியதைப் படித்துக் காட்டினேன். மேசைக்குப் பங்கு கட்ட வேண்டும் என்பதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "அப்போ 20-ஆவே வெச்சிடு" என்றார். அம்மாவுக்கு ஒரு கேள்வி: ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு? அவர்கள் கண்ணிலேயே படமாட்டார்களே.

மாலைவெயில்

அம்மா கேட்டது நல்ல கேள்வி. கண்ணில் படாததாலேயே அவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு இரவுக்கு 2 முதல் 5 டாலர். கடைசி நாள் மொத்தமாக வைக்க வேண்டாம், நேற்று கட்டிலை விரித்தவர் இன்று விடுமுறையில் இருக்கலாம். அறையைச் சுத்தம் செய்யச் சொல்லும் ஒவ்வொரு நாள் காலையிலும் வைத்துவிடுங்கள்.

வெறுமனே மேசையில் காசு கிடந்தால் அவர்கள் தொடமாட்டார்கள். அது விருந்தினர் மறந்து வைத்த பணமா, தங்களுக்கா என்று தெரியாது. எடுத்துவிட்டால் திருட்டுப் பழி வரும் என்ற பயம் எப்போதும் உண்டு. ஓட்டல் காகிதத்தில் "ஹவுஸ்கீப்பிங், நன்றி" என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன்மேல் காசை வையுங்கள்.

நேர்வழி

சட்டம் மாறவேண்டும் என்பதில் இன்னும் மாற்றமில்லை. ஆனால் பங்கு விற்பனையை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பது எனக்குத் தெரியாத செய்தி. அது தெரிந்த பிறகு, உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் குறைத்துக் கொடுக்க என்னால் முடியாது. இனி கவுன்டரில் வாங்கும் இடங்களாகப் பார்த்துப் போகிறேன். மாலைவெயில், ஒரு சந்தேகம். காசாகக் கொடுப்பது நல்லதா, கார்டிலா?

மாலைவெயில்

முடிந்தால் காசாக. அன்றே கையில் கிடைக்கும். கார்டில் வருவதைச் சில இடங்களில் சம்பளத்தோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள், வாடகை நாள் வரை காத்திருக்க வேண்டும். இரண்டிலும் முதலாளியோ மேலாளரோ கைவைக்கக்கூடாது, 2018-ல் சட்டத்தைத் திருத்தித் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

தூரதேசி, கிளம்பும் முன் ஒரு வேலை: ஒரு டாலர் நோட்டுகள் கையில் வேண்டும். அங்கே ஏடிஎம்மில் பெரும்பாலும் இருபது டாலர் நோட்டாகத்தான் வரும். ஆனால் இறங்கியவுடனேயே, ஓட்டல் வண்டி ஓட்டுநர் அப்பா அம்மாவின் பெட்டிகளைத் தூக்கி ஏற்றும்போது, பெட்டிக்கு ஒன்றோ இரண்டோ டாலர் கொடுக்க வேண்டி வரும். பணம் மாற்றும்போதே சின்ன நோட்டாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விமான நிலையத்திலேயே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி இருபதை உடைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். பிறகு ஓட்டல் ரிசப்ஷனில் கேட்டால் இன்னும் மாற்றித் தருவார்கள்.